வேறு லிஃப்டில் போட்ட பூட்டு

வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த மகள் மூன்று நாள் காய்ச்சலில் இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. லிஃப்ட் மெக்கானிக் ஐந்தாம் நாளே வேலைக்குக் கிளம்பிவிட்டார். "மனுஷன் கல்லு மாதிரி நிக்கிறாரு" என்று குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள். அவருக்கும் அது கொஞ்சம் பிடித்திருந்தது. கல்லிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவர் மனைவி நேர் எதிர். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் காய்ச்சலில் தொடங்கி ஆஸ்பத்திரிப் படுக்கை வரை சொல்லி அழுவாள். எதிர்வீட்டம்மாவுக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. இடையில் ஒரு மாத்திரையின் பெயர் விட்டுப்போனால் எடுத்துக்கொடுப்பாள். அந்த நேரங்களில் மெக்கானிக் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். இல்லாவிட்டால் ஒழுகாத குழாயைக் கழற்றி ரிப்பேர் செய்வார்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. பெத்தவர்தானா இவரு?" என்று அவள் தன் தம்பியிடம் கேட்டாள். தம்பி மாமாவோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவன்.

அன்று எட்டு மாடி அலுவலகம் ஒன்றில் வேலை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். வலது லிஃப்டின் கூரைமேல் நின்று கம்பிகளைச் சோதிக்க வேண்டும். ஏறுகிறவன் முதலில் அந்த லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைத் தானே போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் மெக்கானிக் இதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

சுவிட்சுகள் இருந்த மேல்மாடி மோட்டார் அறைக்குத் தம்பி வந்தபோது மாமாவின் பூட்டு இடது சுவிட்சில் தொங்கியது. மாமா நின்றிருந்ததோ வலது லிஃப்டின்மேல். கீழே யாராவது பொத்தானை அழுத்தியிருந்தால் அவ்வளவுதான்.

தம்பி வலது சுவிட்சை அணைத்துத் தன் பூட்டைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டான்.

"மாமா, வெளிய வாங்க."

"இன்னும் முடியலடா."

"முடிஞ்சிருக்கும் மாமா. வாங்க."

மேலே வந்து பூட்டைப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அக்காகிட்ட சொல்லிடாத மச்சான்" என்றார்.

"நான் சொல்லல, நீங்களே சொல்லுங்க. சொல்லாட்டி காலையில சூப்பர்வைசர்கிட்ட போய் உங்களை இந்த வேலையில இருந்து எடுக்கச் சொல்லுவேன்."

"மிரட்டுறியா?"

"ஆமா. எனக்கு இருக்கறது ஒரு மாமாதான்."

மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது எதிர்வீட்டம்மா உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்ததும், "அடுப்புல பால் வெச்சிட்டு வந்துட்டேன்" என்று எழுந்து போனாள்.

"இன்னிக்குப் பூட்டை மாத்திப் போட்டுட்டேன்" என்றார் மனைவியிடம்.

லிஃப்ட்காரரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "மேல ஏறிட்டீங்களா?"

"ம். உன் தம்பிதான் பாத்தான்."

"என்ன நெனப்புல நின்னீங்க?"

"நீ மருந்து வாங்கப் போனப்ப அவ தண்ணி கேட்டா. டாக்டர் குடுக்கக்கூடாதுன்னாரு. நானும் குடுக்கல."

ஊருக்கெல்லாம் அவள் சொன்ன கதையில் இந்தத் தண்ணீர் இல்லை. அவளும் ஒன்றை எல்லோரிடமும் மறைத்திருந்தாள். அத்தனை பேச்சும் அதைச் சுற்றிப் போட்ட வேலிதான்.

"மொத நாள் படுத்திருந்தாளே, வேலைக்குப் போகாம இருக்கச் சாக்கு சொல்றியான்னு திட்டினேங்க" என்றாள்.

இருவரும் அழுதார்கள். அவருக்குப் பழக்கமில்லாததால் அது இருமல்போல வந்தது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கொஞ்ச நாள் வரமாட்டார் என்று சொல்வதற்காக அவள் சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். மணி அடிக்கும்போதே மெக்கானிக் கையை நீட்டினார்.

"குடு, நானே பேசறேன்."

பூட்டு மாறியதைச் சொன்னார். தன்னைக் கொஞ்ச நாள் லிஃப்ட்மேல் ஏற்ற வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"எம் பொண்ணு போயிட்டா சார்."

சூப்பர்வைசருக்கு அது தெரியாத செய்தியில்லை. இறுதிக் காரியத்துக்கு வந்திருந்தவர்தான். ஆனால் மெக்கானிக்கின் வாயிலிருந்து அதை யாரும் அதுவரை கேட்டதில்லை.