கொட்டாமல் வைத்த தண்ணீர்

கண்ணாடிக் குவளையைச் சிமெண்டு மேடையில் வைத்துவிட்டுச் செல்லக்கனி முழங்கால் போட்டுக் குனிகிறார். குவளைத் தண்ணீரின் மட்டமும் அவர் கண்ணும் நேருக்கு நேர் வரும்வரை தலை இறங்கிக்கொண்டே போகிறது. மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். "ஆறு புள்ளி நாலு" என்று தனக்குத்தானே சொல்கிறார். எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு மறுபடியும் குனிகிறார். இரண்டாம் தடவையும் அதே எண் வந்தால்தான் அவருக்கு நிம்மதி. காலை மணி சரியாக எட்டரை. குவளையை ஒரு தட்டால் மூடிவிட்டு டெலிபோன் இருக்கும் முன்னறைக்கு நடக்கிறார்.

வத்திராயிருப்பிலிருந்து மலைப் பக்கம் போகும் பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்தில் இருக்கிறது அந்தச் சர்க்கார் பங்களா. அதன் பின்புறம், கம்பி வேலிக்குள் முழங்கால் உயரத்தில் ஓர் உருளை. மேலே புனல், உள்ளே பாட்டில். நேற்றுக் காலையிலிருந்து இன்று காலைவரை பெய்த மழை அதற்குள் இருக்கும். இது தெரியாமல், பங்களாவில் தங்க வந்த முதல் நாள் நான் குளித்துவிட்டு ஈரத்துண்டை அந்த வேலியில் உதறிக் காயப்போட்டேன். "சார், துண்டை எடுங்க. உங்க துண்டுத் தண்ணியெல்லாம் கணக்குல ஏறிரும்" என்று ஒரு குரல் வந்தது. செல்லக்கனியோடு என் அறிமுகம் அப்படித்தான் நடந்தது.

பதிவேட்டின்படி மழை அளப்பவர் பங்களா வாட்ச்மேன் மாரிசாமி, செல்லக்கனியின் கணவர். அவருக்கு மலை உச்சியில் மேயும் மாடு தெரியும். கையிலிருக்கும் குவளையின் கோடு தெரியாது. அதனால் பதினோரு வருஷமாக அளப்பதும் டெலிபோனில் சொல்வதும் செல்லக்கனி, கையெழுத்து மட்டும் மாரிசாமி. "கண்ணு எனக்கு, கையி அவியளுக்கு" என்கிறார் செல்லக்கனி. வருத்தமாகச் சொல்கிறாரா என்று பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

அவர் சொல்லும் எண் கீழே பொதுப்பணித்துறை ஆபீசுக்குப் போகிறது. அங்கிருந்து மெட்ராஸ், பூனா என்று வானிலைக்காரர்களிடம் போய்ச் சேர்கிறது. அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும், எந்தத் தாலுகாவில் வறட்சி என்றெல்லாம் யாரோ உட்கார்ந்து முடிவு செய்வது இந்த எண்களைக் கூட்டிப் பார்த்துத்தான். டெலிவிஷனில் மேகப் படம் காட்டும்போது, ராஜபாளையத்து மில்லில் பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்கிறார் செல்லக்கனி. "அதுல நம்ம பாட்டில் எங்கன இருக்குன்னுதான் தெரியல."

காலையில் வயலுக்குப் போகிறவர்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "எக்கா, யூரியா போடலாமா, மழை வருமா?" என்று கேட்கிறார்கள். செல்லக்கனியின் பதில் மாறுவதில்லை. "பெஞ்சதை எங்கிட்ட கேளுங்க. பெய்யப்போறதை ரேடியோவுல கேளுங்க." ஆனால் ரேடியோ மேலும் அவருக்கு ஒரு குறை உண்டு. "ஓரிரு இடங்கள்ல பெய்யுங்காக. அந்த ஓரிரு இடம் எதுன்னு ஒரு நாளாவது சொல்லுதாகளா?"

அளவு என்றால் வீட்டிலும் விடமாட்டார். பால்காரர் ஊற்றும்போது படியின் உயரத்துக்குக் குனிந்து பார்க்கிறார். அந்த மனிதர் பாவம், பங்களா வாசலில் மட்டும் நுரை அடங்கும்வரை காத்திருந்து ஊற்றுகிறார். ஆடிப்பூரத்துக்கு வருஷம் தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர், ஆண்டாள் தேர் நிலையை விட்டுக் கிளம்புவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எட்டரைக்கு அளந்து, சொல்லிவிட்டு, பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது தேர் பாதி வீதி தாண்டியிருக்கும். "அம்மா திரும்பி வருவால்ல, அப்பப் பாத்துக்கிடுவேன்." ஆடியில் இங்கே எங்கே மழை, ஒரு நாள் அளக்காவிட்டால் என்ன என்று கேட்டுவிட்டேன். "பாக்காம எப்பிடி சார் சைபர்னு சொல்லுதது?" என்றார்.

குவளைத் தண்ணீரை ஏன் மூடி வைக்கிறார் என்பது நேற்று மாலைதான் தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். விடியுமுன் பிடித்த மழை எட்டு மணிக்குத்தான் விட்டது. மலையடிவாரத்தில் மட்டும் கொட்டிவிட்டுப் போன மழை அது. கீழே ஊர்களில் துணி காயப்போட்டிருந்தார்களாம். ஒரு குவளை நிறைந்தால் இருபது மில்லிமீட்டர். செல்லக்கனி ஏழு தடவை நிறைத்தார். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புளியங்கொட்டை எடுத்து வைத்தார். எட்டாவது குவளையில் எட்டு மில்லிமீட்டர். ஆக மொத்தம் நூற்று நாற்பத்தெட்டு. அளந்த தண்ணீரையெல்லாம் ஒரு குடத்தில் ஊற்றி வைத்தார். அது அவருடைய வழக்கம். "கையை விட்டுப் போனதுக்கு சாட்சி ஏது?"

அன்று டெலிபோன் எடுத்தவர் ஆபீசுக்குப் புதிது. "நூத்தி நாப்பத்தெட்டா? பதினாலு புள்ளி எட்டா இருக்கும், நல்லாப் பாருங்கம்மா. இங்க வெயில் அடிக்குது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கீழே ஆறு மைலில், காய்ந்த ஓடைக்குள் கிடை போட்டிருந்தாள் செல்லக்கனியின் தங்கை வெள்ளைத்தாய். நாற்பது ஆடுகள், புருஷன், கைக்குழந்தை. அந்த ஓடை ஆளை ஏமாற்றும். மேலே இருக்கும் கண்மாய் நிறையும்வரை சொட்டுத் தண்ணீர் வராது. நிறைந்து மறுகால் பாய்ந்தால் ஆள் உயரத்துக்கு வரும். மாரிசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நடுவழியில் வேறொரு காட்டாற்றின் தரைப்பாலம் முங்கிக் கிடந்ததால் திரும்பி வந்துவிட்டார்.

செல்லக்கனி மறுபடியும் டெலிபோனைச் சுற்றினார். "ஐயா, பதினாலுன்னா ஒரு கிளாசு கூட நெறையாது. நான் ஏழு கிளாசு நெறைச்சு அளந்தேன். தண்ணி அம்புட்டும் குடத்துல அப்படியே இருக்கு. யாரை வேணா அனுப்பி அளந்து பாருங்க."

அந்தப் பக்கம் டெலிபோன் கை மாறியது. இன்ஜினியரின் குரல் கேட்டது. "தண்ணியைக் கொட்டலையாம்மா?"

"கொட்டல."

"எவ்வளவு சொன்னீங்க?"

"நூத்தி நாப்பத்தெட்டு."

"நூத்தி நாப்பத்தெட்டு. சரி."

அவ்வளவு மழைக்குக் கண்மாய் மறுகால் பாயும் என்று அவருக்குத் தெரியும். பத்து நிமிஷத்தில் ஒரு ஜீப் ஓடைக்கரை நெடுக ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. வெள்ளைத்தாய் கிடையை மேடேற்றும்போது மணி பத்தரை. பதினொன்றுக்குத் தண்ணீர் வந்தது. கிடையைச் சுற்றி நிறுத்தியிருந்த படல்களை அடித்துக்கொண்டு போனதோடு சரி. "ஒரு ஆடு போகல. ஆனா அவ இன்னைக்கும் படல் போச்சே படல் போச்சேன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கா" என்று சிரித்தார் செல்லக்கனி.

இரண்டாவது தடவையும் நம்பாமல் வைத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. "குடத்தைத் தூக்கிக்கிட்டு நடந்திருப்பேன்" என்றார். குடத்தோடு அந்தத் தரைப்பாலத்தை எப்படித் தாண்டியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே பதிவேட்டை எடுத்தேன். அந்த நாளின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 148.0 என்று இருக்கிறது. எதிரே மாரிசாமியின் கையெழுத்து, குண்டு குண்டாக.

இன்று காலை, முன்னறையில் டெலிபோன் லைன் கிடைத்துவிட்டது. "ஆறு புள்ளி நாலு" என்கிறார் செல்லக்கனி.

"சரிம்மா" என்று அந்தப் பக்கம் சொல்வது எனக்கே கேட்கிறது.

"நீங்க சொல்லுங்க."

"எழுதிட்டேம்மா."

"எழுதினதைச் சொல்லுங்க."

"ஆறு புள்ளி நாலு."

"சரி" என்கிறார் செல்லக்கனி. டெலிபோனை வைத்துவிட்டுப் பின்புறம் போகிறார். தட்டை எடுக்கிறார். குவளையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கொட்டுகிறார்.