அத்தைக்கு மட்டும் முட்டை

நான் முதன்முதலாகப் பொறாமைப்பட்டது ஒரு முட்டையைப் பார்த்துத்தான்.

அப்பா தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மந்தைவெளியில் குடியிருந்தோம். அப்பாவின் தங்கைக்கு டெலிபோன் ஆபீசில் வேலை கிடைத்ததும் அவளும் எங்களோடு வந்து தங்கினாள். அத்தை வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அவள் ஓட ஆரம்பித்ததில்தான் வருத்தம். பெண்களுக்கென்று ஒரு நீண்ட ஓட்டப் பந்தயம் வைக்கிறார்கள் என்று ஆபீசில் யாரோ சொல்ல, பள்ளிக்கூடத்தில் ஓடிப் பரிசு வாங்கியிருந்த அத்தை பெயர் கொடுத்துவிட்டாள். காந்தி சிலையிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரை வரை போய், வந்த வழியே திரும்ப வேண்டும். பஸ்ஸில் போனாலே எனக்குத் தூக்கம் வந்துவிடும் தூரம்.

அன்றிலிருந்து வீட்டில் தினமும் முட்டை வெந்தது. ஒன்றே ஒன்று. அத்தை அதை உரிப்பதை எதிரே உட்கார்ந்து பார்ப்பேன்.

"ஏட்டி, அப்படிப் பாக்காத. அவளுக்கு வயிறு வலிக்கப் போவுது" என்பார் அப்பா.

முட்டையைக்கூடப் பொறுத்திருப்பேன். விடியற்காலையில் அப்பா சைக்கிளில் அத்தைக்குத் துணையாகப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தச் சைக்கிளின் முன்கம்பி என்னுடைய இடம். நானும் வருகிறேன் என்றால், உன்னை வைத்து மிதித்தால் அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்றார்.

ஒரே ஆறுதல், அம்மா என் கட்சி. பாத்திரத்தை வைக்கும் சத்தத்திலேயே அது தெரியும். ஒருநாள் வாய்விட்டே சொன்னாள்: "நானுந்தான் காலையிலருந்து ராத்திரி வரைக்கும் ஓடுதேன். எனக்கு யாரு சைக்கிள்ல கூட வாரா?"

பந்தயத்தன்று அப்பா காந்தி சிலையருகே போய் நின்றுகொண்டார். அம்மாவும் நானும் கூஜாவில் தண்ணீரோடு சாந்தோமில் நின்றோம். அத்தை தோற்க வேண்டும் என்று மாதா கோயிலைப் பார்த்து ஒருமுறையும், கபாலி கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒருமுறையும் வேண்டிக்கொண்டேன்.

போகும்போது அத்தை நடுவில் எங்கோ ஓடினாள். எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். திரும்பும்போது மற்றவர்கள் வந்தார்கள். சிலர் ஓடி, சிலர் நடந்து, முடியாத சிலர் பந்தயக்காரர்கள் விட்ட வேனில் ஏறி. வெயில் ஏறிவிட்டது. அத்தையைக் காணவில்லை.

மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "தோ, இன்னோர் பொண்ணு வந்துக்கினு கீது பாரு" என்றாள்.

அத்தைதான். ஒரு ஷூ காலில் இருந்தது, இன்னொன்று கையில். வெறுங்காலில் ரத்தம். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது, நடையும் இல்லை. பின்னாலேயே ஊர்ந்து வந்த வேனிலிருந்து ஒருவர், "போதும்மா, ஏறிக்கோங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அத்தை மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

என் வேண்டுதல் பலித்துவிட்டது. ஆனாலும் தெருவில் நின்ற அத்தனை பேரும் முதலில் வந்தவளை மறந்துவிட்டு இவளையே பார்த்தார்கள்.

அம்மா தண்ணீர் கொடுத்தாள். "முடியல மதினி" என்றாள் அத்தை. நிற்கவில்லை.

"நீங்களாவது சொல்லுங்கம்மா" என்றார் வேன்காரர்.

"அவ ஓடுவா. நீங்க வண்டிய ஓரமா விடுங்க."

சொல்லிவிட்டு அம்மா கூஜாவை என் கையில் திணித்தாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். நடைபாதையில் அத்தைக்கு இணையாக ஓடத் தொடங்கினாள்.

"கூட யாரும் ஓடக் கூடாதும்மா!"

"நான் ரோட்டுலயா ஓடுதேன்? பிளாட்பாரம் எல்லாருக்கும் பொதுதான!"

"வுடாதமே, ஓடு!" என்று மீன்கார அம்மாள் கத்தினாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

நான் தண்ணீர் சிந்தச் சிந்தப் பின்னால் ஓடினேன். எட்டிப் பிடிக்க முடியவில்லை. அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. கொண்டை அவிழ்ந்து முதுகில் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

காந்தி சிலை அருகே போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியதும் அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தாங்கிப் பிடிக்க ஓடிவந்த அப்பா, பாதியில் நின்று அம்மாவைப் பார்த்தார். வியர்வையில் குங்குமம் மூக்கு வரை வழிந்திருக்க, மூச்சு வாங்கிக்கொண்டே அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைய எங்க?" என்று கேட்டது அப்பாதான். நான் அப்போதுதான் கூஜாவோடு கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தேன்.

அன்று மாலை அம்மா அத்தையின் காலைத் தன் மடியில் வைத்து மஞ்சள் பற்றுப் போட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைக் கவனிக்கவில்லை. அப்பாவுக்குக் கேட்காத குரலில் அத்தையிடம், "ஏட்டி, நெஞ்சு அடைக்க மாதிரி வருதே, அப்போ என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"நிக்கக் கூடாது மதினி. கொஞ்ச தூரம் போனா தானா விட்டுரும்."

அம்மா அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

என் கட்சியில் இருந்த ஒரே ஆளையும் அத்தை இழுத்துக்கொண்டாள் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை என்பது ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.