மஞ்சள் பட்ட பத்து ரூபாய்

ஒரு கிழமைக்குப் பிறகு துறைமுக வீதிக் கடைக்குப் பால்மா வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டு இன்றைக்கு ஓடினேன். கையில் இருந்தது ஒரேயொரு பத்து ரூபாய்த் தாள்; ஒரு டின்னுக்கு அது போதும். பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு மாமி அவளின் கையில் வைத்தது. வழக்கப்படி நாலு மூலையிலும் மஞ்சள் பூசியிருந்தார்.

முதலாளி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது செல்லாது தங்கச்சி. மஞ்சள் பட்டிருக்கு."

"மத்திய வங்கி அடிச்ச தாளை நீங்கள் எப்படி மறுப்பியள்? சட்டப்படி வாங்கத்தான் வேணும்."

"ஓம், சட்டமும் வங்கியும் கொழும்பில இருக்கு. அங்க கொண்டுபோய் மாத்துங்கோ. இஞ்ச ஏலாது."

பொருளியல் படித்த எனக்கு முகம் எரிந்தது. நிமிர்ந்தால், அவர் தலைக்கு மேலே கடையின் முதல் வருமானம் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அதுவும் பத்து ரூபாய். நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம்.

"அதுவும் செல்லாதோ அண்ணை?"

"அது லட்சுமி, தங்கச்சி."

எடுத்து வைத்த பால்மா டின்னைத் திரும்பவும் அலுமாரித் தட்டில் வைத்துவிட்டார். பிள்ளை சீனித்தண்ணீர் குடித்து, அழுது ஓய்ந்து இப்போதுதான் கண்ணயர்ந்தாள். எனக்குக் கோபத்தில் நித்திரை வரவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் யாரிடமாவது சாமி தொடாத பத்து ரூபாய் இருந்தால், நாளைக்குக் கடை திறக்க முன்னம் மாற்றித் தாருங்கள். என்னுடைய லட்சுமியை நீங்கள் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்ளலாம்.