மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்றேன்

இது சென்ற புரட்டாசியில் போன பயணம். வழக்கமாக வீடு திரும்பிய மறுநாளே படங்களோடு பதிவு போட்டுவிடுவேன். இதை எழுத ஐந்து மாதம் ஆகிவிட்டது. வெட்கம்தான் காரணம், வேறெதுவும் இல்லை.

தாப்பா பாசார் சந்தையில் பெத்தாய்க் காய் விற்றுக்கொண்டிருந்த கக் ஈடாவை அங்கேதான் முதலில் பார்த்தேன். கக் என்றால் மலாயில் அக்கா; நாற்பது வயதிருக்கும். தாப்பாவுக்கு மேலே, மலைக்குள் இருக்கும் ஒரு செமாய் ஓராங் அஸ்லி கம்பத்தை, அதாவது பூர்வகுடிக் கிராமத்தைச் சேர்ந்தவர். விருந்தினர் தங்க மூங்கிலில் ஒரு வீடு கட்டி முடித்திருப்பதாகச் சொன்னார். முதலில் வரும் கூட்டம் நல்லபடியாகத் தங்கிப் போனால் இன்னும் நான்கு குடும்பங்கள் சேர்ந்து செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கின்றன, இல்லையென்றால் இதோடு சரி என்றார். நான் சும்மா இருப்பேனா? மலையேறிச் சுற்றுலாவைத் தூக்கி நிறுத்தப் பிறந்தவள்போல, ஆள் கொண்டுவருவது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன்.

பிறகு அவர் தாப்பாவுக்கு இறங்கி வந்து ஃபோன் செய்தபோது, சாப்பாட்டில் உங்களுக்கு எது ஆகாது என்று கேட்டார். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்றேன். இந்த நாட்டில் நாம் காலமெல்லாம் அடுத்தவர்களிடம் சொல்லிப் பழகிய வரி, வாயில் தானாக வந்துவிட்டது. நான் குறித்த நாள் புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை என்பது மண்டையில் ஏறவே இல்லை. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போதுதான் பிரிக்ஃபீல்ட்ஸ் சாந்தா ஆன்டி எங்கள் பயண வாட்சப் குழுவில் கேட்டார்: "சைவம்தானேம்மா?" இல்லை என்று தெரிந்ததும், அவரவர் சாப்பாட்டை அவரவர் கட்டி எடுத்துவருவதாக எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது. கக் ஈடாவைக் கூப்பிட்டேன், மலையில் லைன் இல்லை. ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை கிள்ளானிலிருந்து விடியுமுன் புறப்பட்டு பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தேன். வேன் 6.10க்குக் கிளம்பியது. ரவாங்கில் இருவர் ஏற, மொத்தம் பதினொரு பேர். தாப்பா சுமார் 150 கிலோமீட்டர், 8.30க்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து ஃபோர்வீல் வண்டிதான் போகும். இரண்டு வண்டி, போக வர ஒன்றுக்கு 350 ரிங்கிட். பழைய கேமரன் சாலையில் 18 கிலோமீட்டர், பிறகு மண்பாதையில் 11 கிலோமீட்டர். அந்தப் பதினொன்றுக்கு மட்டும் ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. முதுகுவலிக்காரர்கள் முன்சீட்டு கேட்டு வாங்குங்கள்.

11.15க்கு இறங்கினோம். மூங்கில் வீட்டில் பாய் விரித்து, வாழை இலை கழுவிப் போட்டிருந்தார்கள். மூங்கில் குழாயில் வெந்த சோறு, இன்னொரு குழாயில் கோழி, ஆற்றுமீன், ஆவி பறக்கும் மரவள்ளிக்கிழங்கு. முந்தின நாளெல்லாம் வலை போட்டுப் பிடித்த மீன் என்று கக் ஈடா சிரித்துக்கொண்டே சொன்னார். மற்ற வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிட்டாச்சு கக், வயிறு நிறைஞ்சிருக்கு" என்று மலாயில் சொன்னேன்.

வாய் கூசாமல் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பின்னால் டப்பாக்கள் திறக்கும் சத்தம் கேட்டது. புளிசாதம், உருளைக்கிழங்குப் பிரட்டல். மரவள்ளியாவது எடுத்துக்கொள்ளலாமே என்று சாந்தா ஆன்டியிடம் கிசுகிசுத்தேன். "மீன் வெட்டுன கத்திலதானே இதையும் வெட்டியிருப்பாங்க? வேணாம்லா, மூணாவது சனி வேற" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. புரட்டாசி முதல் வாரமே கிள்ளான் கடையில் ரொட்டி தெலூரை, முட்டையோடுதான், பிய்த்துத் தின்றவள் நான். அந்தக் கிழங்கை நான் தின்றிருந்தால் எந்தச் சாமியும் கோபித்திருக்காது. குழுவினர் என்ன நினைப்பார்களோ என்று நானும் புளிசாதத்தில் கை வைத்தேன்.

கக் ஈடா என்னை மட்டும் வெளியே அழைத்தார். "எல்லாத்தையும் மேலே ஓடையில கழுவித்தான் சமைச்சோம். குழாய் இல்ல. ஆனா சுத்தமான தண்ணி" என்றார்.

எனக்குக் காது சுட்டது. பெருமாளுக்குரிய மாதம், விரதம், மீன் கோழி ஆகாது என்று விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். பிறகு ஒன்றுதான் கேட்டார்: "மரவள்ளிக்குமா?"

ரவாங் தோட்டத்தில் வளர்ந்த என் அப்பா, "இப்பதான் குடிச்சிட்டு வரேன்" என்று சொல்லி எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைத் தொடாமல் போன மனிதர்களைப் பற்றி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிப் பொருமுவார். அவர்கள் ஏன் தொடவில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதே பொய்யைத்தான் நான் மலாயில் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை வரை தங்கினோம். அருவி அழகு, குளிர் இதமானது, குழுவினர் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். சமைத்த கோழியைக் கம்பத்துப் பிள்ளைகள் தின்றார்கள். பெரியவர்கள் அதன்பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

இறங்கும்போது முன்சீட்டில் நான். வண்டி ஓட்டிய மணியம் அண்ணன் தாப்பாக்காரர். பாதி வழியில் ஆரம்பித்தார்.

"தங்கச்சி, எட்டு வருசமா இந்த மலை ஏறுறேன். வீட்டுல நாங்களும் புரட்டாசி புடிக்கிறவங்கதான். விரதம் தப்பில்ல. சொல்லிட்டு வந்திருக்கலாம்லா? கீரையும் கிழங்குமா ஆக்கிப் போட்டிருப்பாங்க."

"லைன் கெடைக்கல அண்ணே."

"என் நம்பர் உங்ககிட்ட இருந்திச்சுல்ல. நீங்க வர்றதுக்கு மொத நாளு நான் மேல அரிசி ஏத்திட்டுப் போனேன்."

தாப்பா வரும்வரை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்கவென்றே போன மாதம் தனியாகப் போனேன். கக் ஈடா முகம் கோணாமல் வரவேற்றார். நான்கு குடும்பங்களும் விலகிவிட்டன, அவர் மட்டும் விடாமல் நடத்துகிறார். நான் மன்னிப்புக் கேட்டபோது பரவாயில்லை என்றார். பிறகு உள்ளே போய், பிளாஸ்டிக் உறை பிரிக்காத கப் நூடுல்ஸ் ஒன்றும் மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உறையை நானே பிரித்துக்கொள்ளட்டும் என்று கையை எடுத்துக்கொண்டார். அடுப்படியில் மூங்கிலில் மீன் வெந்துகொண்டிருந்தது. அதில் கொஞ்சம் தாருங்களேன் என்று கேட்டேன்.

"அது எங்களுக்கு" என்றார். கோபமே இல்லை. நகரத்து ஆட்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டவரின் குரல்.

போக நினைப்பவர்களுக்கு: கம்பத்தின் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கக் ஈடா கேட்டுக்கொண்டதால் கருத்துப்பகுதியில் கேளுங்கள், தனியே சொல்கிறேன். தங்க ஆளுக்கு ஓர் இரவு 60 ரிங்கிட். மழைக்காலத்தில் மண்பாதை இரண்டு மணி நேரம் பிடிக்கும். அட்டைக்கடிக்கு நீளக் காலுறை அவசியம். விரதம், நேர்த்திக்கடன் எதுவாக இருந்தாலும் ஒரு வாரம் முன்பே ஓட்டுநர் மூலமாவது சொல்லியனுப்புங்கள். சாப்பாட்டுக்குக் கப் நூடுல்ஸும் போத்தல் தண்ணீரும்தான். வேறெதுவும் அங்கே கிடைக்காது. அதற்கு நான்தான் காரணம்.