வேறு யாருக்கோ எழுதிய திட்டம்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது ருசிக்காது. இது பட்டப்பகலில், பெண்கள் வார்டில், என் கண்ணெதிரே நடந்தது. நான் அங்கே நர்ஸ்.

எங்கள் ஹெட் நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் ஜெராக்ஸ். ஒவ்வொரு நோயாளியிடமும் உட்கார்ந்து பேசி, அவருக்கென்று தனியாகப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். இவள் உட்காருவதெல்லாம் ஃபேனுக்கு அடியில்தான். அந்தக் கட்டிலில் முன்பு இருந்தவருக்கு எழுதியதை அப்படியே பார்த்து எழுதிவிடுவாள். மேலதிகாரிகளும் கையெழுத்தைத்தான் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள்.

நான் அந்த வார்டுக்கு மாறி வந்த வாரம், ஜன்னலோரக் கட்டிலில் ஒரு வயதான அம்மா இறந்துபோனார். மறுநாளே அங்கே ஒரு கொத்தனாரின் மனைவி வந்து படுத்தாள். சின்னப் பெண். குடல்வால் ஆபரேஷன். இரண்டு நாளில் எழுந்து நடக்க வேண்டியவள். அவளுக்கு ஜெராக்ஸ் எழுதியது: வலது காது கேட்காது, நடக்க முடியாது, கஞ்சி ஊட்ட வேண்டும்.

மாற்றச் சொன்னேன். என் வேலையைப் பார்க்கச் சொன்னாள்.

மறுநாள் மதியம் மாத்திரையோடு போனேன். வலப்பக்கம் நின்று கூப்பிட்டேன். அந்தப் பெண் திரும்பவில்லை.

"இந்தப் பக்கம் வந்து பேசும்மா," என்றாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

கால் அசையவில்லை. டாக்டர் தட்டிப் பார்த்தார், குத்திப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை என்றார். அழுதுகொண்டு நின்ற புருஷனை அவள் யாரோ எவரோ என்று பார்த்தாள். தான் எழுதியது சரியாகத்தானே இருக்கிறது என்று ஜெராக்ஸுக்குப் பெருமை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாலை ஐந்து மணி. வார்டு அடங்கியிருந்தது.

சர்ர்ர்... சர்ர்ர்...

யாரோ காலை இழுத்து நடக்கும் சத்தம். எல்லோரும் படுத்துத்தான் இருந்தார்கள்.

சத்தம் ஜன்னலோரம் போய் நின்றது. கட்டில் கிறீச்சிட்டது... ஆள் ஏறியது போல.

"தள்ளிப் படுக்க மாட்டேங்குறா," என்றாள் அந்தப் பெண்.

இறந்துபோன அம்மாவின் குரல்.

இப்படியே விட்டால் இவளும் அதே வழியில் போய்விடுவாள். திட்டத்தைக் கிழித்துப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு என்ன வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் அவளுடைய சொந்தக் குரலில், "எழுந்து நடக்கணும் அக்கா," என்றாள். அதையே முதல் வரியாகப் புதிதாக எழுதினேன்.

காலையில் நடந்தாள். அடுத்த நாள் வீட்டுக்கும் போய்விட்டாள்.

அந்த வாரமே, இறந்துபோன அம்மாவின் மகன் வெளியூரிலிருந்து வந்தார். காது கேட்காமல் உங்கள் அம்மா ரொம்பச் சிரமப்பட்டார் என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"எங்கம்மாவுக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்கும் சிஸ்டர். சாதாரணக் காய்ச்சல்னு இங்க நடந்துதான் வந்தாங்க."

நேரே ஜெராக்ஸிடம் போனேன். அப்படியானால் அந்தத் திட்டம் முதலில் யாருக்கு எழுதியது என்று கேட்டேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"யாருக்குத் தெரியும்? நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே அந்தக் கட்டில்ல அதுதான் இருந்துச்சு."