அழாத பிள்ளைகள்

பிள்ளைகள் அழுவதை வேடிக்கை பார்ப்பதுதான் எனக்கு வேலை. இப்படிச் சொன்னால் என் ஆய்வு நெறியாளருக்குக் கோபம் வரும். அவர் இதற்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார். ஆனால் கோயம்புத்தூர் கோட்டைமேட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் அந்த மழலையர் மத்ரஸாவின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நான் தினமும் செய்தது அது மட்டும்தான். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளை அம்மாக்கள் கொண்டுவந்து விடும்போது யார் அழுகிறார்கள், யார் அழவில்லை, மதியம் அம்மா திரும்பி வந்ததும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொள்வேன். இஸ்லாமியச் சூழலில் மழலையர் கல்வி என்று தலைப்பைச் சொன்னதும் சொந்தக்காரர்கள் நான் மார்க்கத்தைப் பற்றி ஏதோ பெரிதாக எழுதப்போகிறேன் என்று மரியாதையாகப் பார்த்தார்கள். விஷயம் தெரிந்த பிறகு, "புள்ளைங்க அழுவறதப் பாக்கறதுக்கு டாக்டர் பட்டம் வேற குடுக்கறாங்களா?" என்று கேட்டார்கள். கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன்.

அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு ஹால், பக்கத்தில் இரண்டு சின்ன அறைகள். அலிஃப் பேயும் அ ஆவும் ஒன் டூவும் ஒரே ராகத்தில் வெளியே கேட்கும். உள்ளே வரும்போது சலாம் சொல்ல வேண்டும், செருப்பை ஜோடியாக வைக்க வேண்டும், தண்ணீரை உட்கார்ந்து வலது கையால் குடிக்க வேண்டும், அடுத்தவர் பொருளை எடுக்கும் முன் கேட்க வேண்டும். இதையெல்லாம் சொல்லித்தருகிற ஆலிமா என்னைவிட வயதில் சின்னவர். குரலை உயர்த்தாமலே காரியத்தை முடித்துவிடுவார்; எனக்கு அந்தத் திறமை கிடையாது.

நான் பிள்ளைகளோடு பேசக்கூடாது என்பது ஆய்வின் விதி. நாற்காலியோடு நாற்காலியாக இருக்க வேண்டும் என்று நெறியாளர் சொல்லியிருந்தார். முதல் வாரம் பிள்ளைகள் ஒவ்வொருவராக என் முன்னால் வந்து நின்று சலாம் சொன்னார்கள். பதில் சலாம் சொல்வது கடமை. அதற்கு மட்டும் அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன். போகப்போக அவர்களுக்கு நான் பழகிவிட்டேன். என் மடியில் டிபன் டப்பாவை வைத்துவிட்டு விளையாடப் போனார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில் பேச யாருமில்லை. காலையிலும் மாலையிலும் பெண்களுக்கான இலவச பஸ்ஸில் போய்வரும்போது கண்டக்டருக்குக்கூட என்னிடம் பேச வேண்டிய அவசியம் இல்லை. அதனால் ஒரு நாள் முழுக்க நான் வாய் திறந்து சொன்னது "வஅலைக்கும் ஸலாம்" மட்டும்தான் என்று இருந்த நாட்கள் உண்டு.

மதியம் அம்மாக்கள் வரும் நேரம்தான் எனக்கு முக்கியம். வாசலில் வரிசையாகக் கறுப்பு புர்காக்கள் நிற்கும். சந்தில் தூசி என்பதால் பாதிப்பேர் முகத்திரையையும் போட்டிருப்பார்கள். பெரியவர்களுக்கே யார் யார் என்று தெரியாது. பிள்ளைகளோ ஒரு நொடி தடுமாறுவதில்லை. அவர்கள் பார்ப்பது கீழே. செருப்பு, கால் விரல், கையில் தொங்கும் பை, நிற்கிற விதம். பார்த்ததும் ஓடிப்போய் மோதுவார்கள். சிலர் மோதிவிட்டு அடிப்பார்கள். "ஏம்மா விட்டுட்டுப் போனே?" என்று தெருவே கேட்கக் கத்துவார்கள். அந்த அம்மாக்கள் வெட்கப்பட்டு என்னைப் பார்ப்பார்கள், நான் ஏதோ மதிப்பெண் குறைக்கப்போகிறேன் என்று பயந்து.

உண்மையில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். என்ன செய்தாலும் இவள் எனக்கு அம்மாதான் என்ற தைரியம் இருக்கிற பிள்ளைதான் அம்மாவை அடிக்கும். அழுகிற பிள்ளையை எங்கள் துறையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காலையில் விடும்போதும் அழாமல், மதியம் கூப்பிட வரும்போதும் துள்ளாமல், நல்ல பிள்ளையாக வந்து கையைப் பிடித்துக்கொள்கிறதே, அந்தப் பிள்ளையைத்தான் கொஞ்சம் கூர்ந்து பார்ப்போம். சில பிள்ளைகளுக்கு அது சுபாவமாக இருக்கும். சில பிள்ளைகளுக்கு அப்படி இல்லை.

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவள் ஈரோட்டில் இருந்தாள். என் கணவர் மாரடைப்பில் மௌத்தானபோது அவளுக்கு நடை பழகி அதிக நாள் ஆகவில்லை. கணவரை இழந்தவள் வெளியே போகாமல் இருக்க வேண்டிய நான்கு மாதம் பத்து நாள் இத்தாவை ஈரோட்டில் அவர் வீட்டிலேயே இருந்தேன். அந்த மாதங்களில் நான் ஒரு அறைக்குள் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டியது, குளிப்பாட்டியது, தோளில் போட்டுத் தூங்கவைத்தது எல்லாம் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். என் மகளுக்குப் பெரியம்மா. அவருக்கு இரண்டும் பையன்கள். அவர் வீட்டுக்காரர் ஜவுளிச் சந்தையில் துண்டு, லுங்கி வியாபாரம். எனக்கு ஆய்வுக்கு இடம் கிடைத்தபோது அக்காதான் சொன்னார்: "படிச்சு முடிச்சுபோட்டு வந்து கூட்டிட்டுப் போ கண்ணு. அதுவரைக்கும் இவ இங்க இருக்கட்டும்." அவரைக் கெட்டவராக நினைக்க முடிந்திருந்தால் எனக்குப் பிறகு பாதிக் கஷ்டம் இருந்திருக்காது.

ஜூன் மாதம் அவளை என்னோடு கொண்டுவந்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. நான் உட்கார்ந்து பார்க்கிற அதே மத்ரஸாவில் இடம் சொல்லிவைத்திருந்தேன். "கூட்டிட்டு வாங்க, நம்ம புள்ளைங்களோட ஒண்ணா இருக்கட்டும்" என்று ஆலிமா சொல்லிவிட்டார். ஒரு சின்னக் கட்டில் வாங்கினேன். குட்டித் தட்டு, ரோஸ் நிற வாளி, பல் தேய்க்க முயல் படம் போட்ட பிரஷ். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அந்தக் கட்டிலில் போர்வையைத் தட்டிப் போடுவேன். யாரும் படுக்காத போர்வையைத் தினம் எதற்குத் தட்டுகிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டு மறுநாளும் தட்டுவேன். அந்த ஜூன் மாதத்தை நம்பித்தான் அந்த வருஷத்தை ஓட்டினேன்.

மாதத்தில் ஒரு சனி ஞாயிறு அவளை அழைத்து வருவேன். படி ஏறி உள்ளே வரும்போதே சலாம் சொல்வாள். செருப்பைச் சுவரோரம் ஜோடியாக வைப்பாள். பிரிட்ஜைத் திறக்கும் முன், "அம்மா, வாழைப்பழம் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்பாள். சாப்பிட்ட தட்டைத் தானே கொண்டுபோய்ப் போடுவாள். ஈரோட்டிலும் அவளை ஒரு மழலையர் மத்ரஸாவில்தான் சேர்த்திருந்தார்கள், நன்றாகத்தான் சொல்லித்தந்திருந்தார்கள். கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா வியந்துபோனார். "ஏனுங்க அம்மணி, நம்மூட்டுப் பேரனுங்க வந்தா ஊடு ரெண்டாயிருதுங்க. உங்க புள்ள வந்ததே தெரியலீங்களே! எப்படிங்க வளத்தீங்க?" நான் சிரித்து, பாராட்டை வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். அன்று ராத்திரிச் சமையலுக்கு வெங்காயம் நறுக்கும்போது, அவள் இந்த வீட்டில் இதுவரை ஒரு தடவைகூட அடம்பிடித்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. மற்றவர் பிள்ளையாக இருந்தால் முதல் வாரமே கண்டுபிடித்திருப்பேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, சொல்லாமல் போய் அவளை ஆச்சரியப்படுத்தலாம் என்று ஈரோட்டுக்குப் போனேன். அவளுடைய மத்ரஸா வாசலில் மற்ற அம்மாக்களோடு நின்றேன். வெயிலுக்கும் தூசிக்கும் பயந்து முகத்திரை போட்டிருந்தேன். ஒரு வருஷமாக அடுத்தவர் பிள்ளைகளை நாற்காலியிலிருந்து பார்த்தவள், முதல் தடவையாக அந்த வரிசையில் நிற்கிறேன். என் மகள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தலையைக் குனிந்து வரிசையாகச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். என் காலருகே வந்து நின்றாள். "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றாள். தள்ளிக்கொண்டேன். எனக்குப் பின்னால் நீல ரப்பர் செருப்போடு நின்றிருந்த அக்காவின் வயிற்றில் போய் முட்டி, பையை அவர் மேல் வீசினாள்.

நான் திரையைத் தூக்கிக் கூப்பிட்டேன். திரும்பி வந்து அழகாகச் சலாம் சொன்னாள். "அட, நீ நின்னதே தெரியல கண்ணு! ஒரு போன் பண்ணக்கூடாதா?" என்று அக்கா பதறினார். நான் போட்டிருந்தது புதுச் செருப்பு. அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய செருப்பாக இருந்தாலும் தெரிந்திருக்காது என்பது பஸ்ஸில் திரும்பும்போதே எனக்குப் புரிந்தது, ஆனாலும் ஊர் வந்து சேரும்வரை பழியைச் செருப்பின் மேலேயே போட்டுக்கொண்டு வந்தேன்.

மே மாதக் கடைசியில் அவளைக் கூட்டிவரப் போனேன். அக்கா எல்லாவற்றையும் மடித்துப் பையில் வைத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குத் திடம் போய்விடும் என்று நான் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் புதுக் கவுன் போட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் சலாம் சொன்னாள். அண்ணன்கள் இருவருக்கும் கை கொடுத்தாள். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி என் மடியில் உட்கார்ந்தாள். தெரு முனை திரும்புவதற்குள் என் புர்கா நனைவது தெரிந்தது. அவள் உடையிலேயே ஒன்றுக்குப் போவதை விட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. "மன்னிச்சுக்கோங்கம்மா, தெரியாம வந்துருச்சு" என்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. உடம்பு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

உடை மாற்றிக்கொண்டு கிளம்பலாம் என்று ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். கதவு திறந்தே இருந்தது. நாங்கள் விட்டுப் போன இடத்திலேயே அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். என் மகள் வாசற்படியில் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு ஓடினாள். இரண்டு கையாலும் அக்காவை அடித்தாள். "நீ ஏன் என்னை அனுப்புனே? ஏன் அனுப்புனே?" என்று கத்தினாள். தோளைக் கடித்தாள். அப்படி ஓர் அழுகையை நான் அவளிடம் கேட்டதே இல்லை. கோட்டைமேட்டில் இப்படி ஒரு பிள்ளை அழும்போதெல்லாம் ஆலிமாவிடம், கவலைப்படாதீங்க, இது நல்ல அழுகைதான் என்று சொல்லியிருக்கிறேன். இதுவும் நல்ல அழுகைதான். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று சொல்லாமல் வேறு பெயர் வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. என்னையும் ஒரு தடவை அப்படி அடித்திருக்கக்கூடாதா என்று அந்த வாசலில் ஈரப் புர்காவோடு நின்றேன்.

"ரெண்டு நாள்ல சரியாயிருவா, நீ கூட்டிட்டுப் போ கண்ணு" என்று அக்கா அழுதுகொண்டே சொன்னார். மனதாரத்தான் சொன்னார். சரியாகிவிடுவாள் என்று எனக்கும் தெரியும். பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். தட்டைக் கழுவி வைத்து, கேட்டுக் கேட்டு எடுத்து, அடம்பிடிக்காமல் என் வீட்டில் அவள் வளர்ந்துவிடுவாள். வெளியில் இருந்து பார்க்கிற யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ளத்தானே இத்தனை நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "பை இங்கயே இருக்கட்டுங்கக்கா" என்றேன்.

மதியம் சாப்பிட்டோம். என் புர்காவை அலசிக் காயப்போட்டிருந்தார்கள். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அதை எடுத்து மாட்டினேன். என் மகள் குளித்து, தலை வாரி, முகமெல்லாம் தெளிந்து, அடுப்படியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துச் சிந்தாமல் கொண்டுவந்தாள். "உக்காந்து குடிங்க" என்றாள். உட்கார்ந்தேன். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"இப்பவே போறீங்களா?"

"ஆமா கண்ணு."

"போகாதீங்க. விருந்தாளி வந்தா மூணு நாளைக்கு இருக்கச் சொல்லணும்னு எங்க ஆலிமா சொல்லிக்குடுத்தாங்க." டம்ளரை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "இருங்கம்மா. பெரியம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவளுக்கு யாரும் தவறாக எதுவும் கற்றுத்தரவில்லை. கற்றதை அவளும் சரியாகத்தான் செய்தாள். நான் புர்காவைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "சரிங்க, இருக்கறேன்" என்றேன். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்குப் பாய் விரித்தாள், தலையணைக்கு உறை மாற்றினாள், வேளாவேளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் கொண்டுவந்தாள். மூன்று நாளுக்கு மேல் தங்குவது விருந்தாளிக்கு அழகில்லை என்று எனக்கும் சின்ன வயதில் சொல்லித்தந்திருக்கிறார்கள். நான்காம் நாள் காலையில் கோயம்புத்தூர் பஸ் ஏறினேன்.