சிவாவின் கடிகாரமும் எங்கள் ஆபீஸ் வார்னிங்கும்

சிவா போய்விட்டார்... முந்தாநாள் காலை, கிள்ளானில், வீட்டிலேயே. மாரடைப்பு.

செலாயாங் பாசாரில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்யும் ஃபைசால் போன் பண்ணி, "மாலா, சிவா நோ மோர்" என்றான். விளையாடாதே என்று திட்டினேன். அந்தப் பக்கம் அவன் அழுதுகொண்டிருந்தான்.

பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் சிவா எனக்குப் பக்கத்து மேசை. குளிர்பதனக் கிடங்குகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் சின்ன கம்பெனி. நான் டீம் லீட், என் வாய் உங்களுக்கே தெரியும். சிவா மட்டும் அசராமல், "சரி லா, தே தாரிக் குடிச்சிட்டு வந்து திட்டுங்க" என்பார்.

ஒரு சமயம் எங்கள் எல்லார் கம்ப்யூட்டரிலும் ஒரே வார்னிங். புரோகிராம் எழுதாதவர்களுக்காகச் சொல்கிறேன்... எல்லா இடத்திலும் தேவைப்படும் ஹெடர் ஃபைல்களை, நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளும். ப்ரீகம்பைல்ட் ஹெடர் என்போம். மூல ஃபைல் அதைவிடப் புதிதாக இருந்தால், "வைத்திருப்பது பழசு" என்று வார்னிங் வரும். அழித்துவிட்டுத் திரும்ப பில்ட் பண்ணினால், அதாவது புதிதாகத் தயார் செய்யச் சொன்னால், சரியாகிவிடும்.

எங்களுக்குச் சரியாகவில்லை. அழித்தோம், பில்ட் பண்ணினோம், மறுபடியும் பழசு என்றது. இப்போதுதானே பண்ணினோம், அதற்குள் எப்படிப் பழசாகும்?

தலையைப் பிய்த்துக்கொண்டு சாப்பிடப் போவோம். திரும்பி வந்து பில்ட் பண்ணினால் வார்னிங் இருக்காது. மறுநாள் திரும்ப வரும். பேய்தான் என்றான் ஃபைசால்.

கடைசியில் அவன்தான் சிவாவின் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "எஹ் சிவா, யுவர் கிளாக் ஃபாஸ்ட் லா!" என்றான்.

மனுஷன் கம்ப்யூட்டர் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்! அந்த ஹெடரைத் திருத்தி எங்கள் பொது ஃபோல்டரில் போடுவது அவர் வேலை. ஃபைலில் இன்னும் வராத நேரம் பதிந்திருந்தது. அந்த நேரம் தாண்டும்வரை நாங்கள் பண்ணுவதெல்லாம் கம்பைலருக்குப் பழசுதான்.

"அட கடவுளே, எதுக்கு சிவா இப்படி?" என்று கத்தினேன்.

"கோமுட்டர் ட்ரெயினை விட்டுடக்கூடாதுன்னுதான்... அம்மு கேட்ல நிப்பா."

அம்மு அவர் மகள். வளர்ந்த பெண், மனசு மட்டும் சின்னப் பிள்ளை. கிள்ளானில் அவளைப் போன்றவர்களுக்கான சென்டருக்குப் போகிறாள். சாயந்திரம் அப்பா வரத் தாமதமானால், இனி வரவே மாட்டார் என்று பயந்து, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்குவாளாம். அம்மா தேவிக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் வேலை, வர முடியாது.



கடிகாரத்தைச் சரிசெய்தோம். ஹெடர் திருத்தம் எதுவானாலும் காலையிலேயே முடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். சாயந்திரம் ட்ரெயின் நேரம் நெருங்கினால் ஃபைசால் வந்து சிவாவின் மவுஸைப் பிடுங்கிக்கொள்வான். "பாலிக், பாலிக்! வீட்டுக்குப் போங்க!" என்று ஆபீசே விரட்டும். சட்டை பாதி வெளியே தொங்க, சிரித்துக்கொண்டே ஓடுவார்...

துக்க வீட்டில் அம்மு வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ரெண்டு கொடுத்தாள். தாங்க முடியாமல் வெளியே போய் அழுதேன்.

நேற்று தகனம் முடிந்ததும் தேவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சென்டருக்குப் போகணும்னு அடம் பிடிக்கிறாக்கா. காலையில என் தம்பி விட்டுடுவான். சாயந்திரம் அவனுக்கும் வேலை... யார் கூட்டிட்டு வருவா?" என்றார்.

"நான் போறேன் தேவி."

இன்று அரை நாள் லீவு போட்டேன். பிள்ளைகள் வெளியே வருவதற்கு முன்பே சென்டர் கேட்டில் போய் நின்றேன்.

அம்மு வந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால், ரோட்டை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்பா?"

கையை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

போய்ட்டு வாங்க சிவா... இன்னைக்கு அவ காத்துக்கிட்டு நிக்கல.